கடல்கொண்ட பட்டினமும் கடல்கொள்ளாச் செல்வமும்

திருச்சிற்றம்பலம்



தலயாத்திரை என்பது ஊர் பார்க்கும் பயணம் அன்று. கண்ணுக்கு விருந்து தேடிச் செல்வோர் கண்ட அளவில் திரும்புவர்; கருத்துக்கு விருந்து தேடிச் செல்வோரோ வீடு திரும்பிய பின்னும் அத்தலத்திலேயே வாழ்வர். இவ்வுண்மையை நன்கு விளக்கும் ஊர் ஒன்று சோழநாட்டில் உளது. காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் விளங்கிய காவிரிப்பூம்பட்டினமாகிய புகார் நகரமே அது. இவ்விழாவில் அந்நகரைப் பற்றியும் அதனைச் சூழ்ந்த மூன்று பாடல்பெற்ற தலங்களைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

புகாரின் பெருமையைச் சங்கப் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் விரித்துரைத்துள்ளார். கடல் வழியே வந்த குதிரைகளும், வண்டிகளில் வந்த மிளகும், வடமலைப் பொன்னும், மேலைமலைச் சந்தனமும், தென்கடல் முத்தும், கீழ்க்கடல் பவளமும், ஈழத்து உணவும், காழகத்துப் பொருளும் அங்கே வந்து குவிந்தன. சுங்கம் கொள்வோர் சோழனது புலி முத்திரையைப் பொதிகளின்மேல் பொறித்தனர். கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும், கொடுப்பதைக் குறையாகக் கொடாமலும் வணிகர் அறவழி நின்றனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் யவன அறிஞர் இத்துறைமுகத்தைக் 'கபேரிஸ்' என்று குறித்தார். மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதியாய், இடையே நாளங்காடி விளங்க நகர் அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

அத்தகைய நகரம் இன்று எங்கே? இந்திர விழாவை மறந்தமையால் கடல் அதனை உண்டது என்கிறது மணிமேகலை. தொல்லியல் துறையினர் 1962-ஆம் ஆண்டு முதல் இங்கே அகழ்ந்தபோது, கீழையூரில் செங்கற் கட்டுமானமும், படகுகளைப் பிணிக்க நாட்டிய மரக்கம்பங்களின் அடிப்பகுதியும் வெளிப்பட்டன. படகுத்துறை அது என்பர். கடலோரத்தில் உறைகிணறுகளும் செங்கற் சுவர்களும் தோன்றுகின்றன. 1981-ஆம் ஆண்டு தொடங்கிக் கடலின் அடியிலும் ஆய்வு நடைபெற்றது. 1973-இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் பழங்கதையைக் கல்லில் காட்டி நிற்கிறது. பழம்பெரு நகரிற் கண்ணுக்குக் கிட்டுவது இவ்வளவே.

நாம் இளமையில் எம் ஆசிரியப் பெருமானுடன் முதன்முதல் அங்கே சென்றோம். பட்டினப்பாலையைப் பாடம் கேட்டு முடித்த காலம் அது. நெஞ்சம் எல்லாம் மாட மாளிகைகள். கடற்கரையில் நின்றபோது மணலும் கட்டுமரங்களும் காய்ந்த வலைகளுமே கண்ணிற் பட்டன. "ஐயா, பட்டினம் எங்கே?" என்று கேட்டோம். ஆசிரியர் கடலைச் சுட்டினார். சிறிது நேரம் கழித்து, "பட்டினம் போயிற்று, பட்டினத்தார் இருக்கிறார். வா, போவோம்" என்று கூறிப் பல்லவனீச்சரத்திற்கு அழைத்துச் சென்றார். அன்று அச்சொல்லின் பொருள் நமக்கு முழுதும் விளங்கவில்லை.

பல்லவனீச்சரம் புகார் நகர்த் தலம். பல்லவனேசுவரரும் சௌந்தரநாயகி அம்மையும் எழுந்தருளிய இத்தலத்திற்குத் திருஞானசம்பந்தப் பெருமான் இரண்டு பதிகங்கள் அருளினார். திருவெண்காடர் என்னும் பிள்ளைத்திருநாமம் உடைய பட்டினத்தார் இந்நகரின் பெருவணிகர். மகப்பேறு இன்றி வருந்திய அவர்க்கு, இடைமருதூரில் இறைவனே மருதவாணன் என்னும் மகவாய் வந்தான். வளர்ந்து கடல்வாணிகம் சென்ற மகன் எருமுட்டைகளையே ஈட்டி வந்தான். பின்னர்ச் சிறு பேழை ஒன்றை அன்னையிடம் தந்து மறைந்தான். பேழையுள் இருந்தவை ஓர் ஓலையும், காது ஒடிந்த ஊசி ஒன்றும். அந்த ஊசிகூட இறுதி வழியில் உடன் வாராது என்னும் உண்மை அவ்வோலையில் இருந்தது. கப்பல்களுக்கு உரியவர் அக்கணமே கோவணத்தோடு புறப்பட்டார். அவர் முடிவாக அமர்ந்த இடமும் மற்றொரு கடற்கரையே; அது திருவொற்றியூர். ஆடித் திங்களில் பல்லவனீச்சரத்தில் அவர்க்கு விழா எடுக்கிறார்கள்.

அடுத்தது திருச்சாய்க்காடு, சாயாவனம் என்றும் வழங்கும். சாய் என்பது கோரைப்புல். கோரை செறிந்த காட்டில் எழுந்த இத்திருக்கோயில் கோச்செங்கட் சோழரின் மாடக்கோயில்களுள் ஒன்று. சாயாவனேசுவரரையும் குயிலினும் நன்மொழியம்மையையும் சம்பந்தரும் அப்பரும் பாடிப் பரவினர். வில்லேந்திய கோலத்தில் முருகப்பெருமானும் இங்கே காட்சி தருகிறார்.

இயற்பகை நாயனாரின் வரலாறு நிறைவுற்ற இடம் இத்தலமே. அவரும் புகார் வணிகர். அடியார் கேட்பதை இல்லை என்னாதவர். வேதியராய் வந்த இறைவன் அவருடைய மனைவியையே கேட்டான். நாயனார் தந்தார்; தடுத்த சுற்றத்தாரை வாள்கொண்டு எதிர்த்துத் துணையாய் உடன் வந்தார். சாய்க்காட்டை அடைந்ததும் வேதியர் அவரை மீண்டு போகச் சொன்னார். திரும்பியும் பாராமல் நடந்தார் நாயனார். மீண்டும் ஓலக்குரல் கேட்டு ஓடிவந்தபோது வேதியரைக் காணவில்லை. விண்ணில் விடைமேல் அம்மையப்பரைக் கண்டார்.

இவ்வரலாற்றைக் கேட்கும்போது நம் தாய்மார்கள் முகம் சுளிப்பதை மேடையிலிருந்து பலமுறை கண்டுள்ளோம். சுளிப்பது முறையே. உலகியலில் எவரும் பின்பற்றுதற்கு உரிய செயல் அன்று இது. உலக இயற்கைக்கே பகையானவர் என்பதனால் அன்றோ அவர்க்கு இயற்பகையார் என்று பெயர்? 'எனது' என்னும் பற்றின் கடைசி வேரையும் இறைவனே வந்து பறித்தான் என்பதே இங்கே கொள்ளத்தக்க கருத்து.

மூன்றாவது திருவெண்காடு. சுவேதாரணியேசுவரர், பிரமவித்தியாம்பிகை, அகோரமூர்த்தி ஆகியோர் விளங்கும் பெரும்பதி. சூரிய, சந்திர, அக்கினி தீர்த்தங்களாகிய முக்குளம் உடையது. மூவரும் பாடிய தலம். பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர், திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தபோது வெண்காட்டுத் திருப்பதிகம் வந்தது. முக்குளம் மூழ்கி வழிபட்டுத் தவமிருந்து அவர் பெற்ற மகவுக்குச் சுவேதவனப்பெருமாள் என்று பெயரிட்டார். அம்மகவே சிவஞானபோதம் அருளிய மெய்கண்ட தேவர். நம் சைவ சித்தாந்தத்தின் தொட்டில் இக்குளக்கரையிலேயே கட்டப்பட்டது எனலாம்.

இக்கோயிலுக்கு உரிய செப்புத் திருமேனி ஒன்று இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. கி.பி. 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த இடபவாகன தேவர் அவர். பெருமான் விடையின்மீது கையை ஊன்றி நிற்கிறார். ஆனால் விடை இல்லை. காலத்தில் அது காணாமற் போயிற்று. ஊன்றிய கை ஊன்றியபடியே உள்ளது. திருமுகத்துப் புன்னகையிலும் குறைவில்லை. சார்ந்தது போயினும் தாம் சாயாமல் நிற்கும் நிலையை அத்திருமேனியின்முன் நின்று கற்கலாம்.

அன்பர்களே, சில ஆண்டுகளுக்கு முன் அடியார் கூட்டம் ஒன்றுடன் இத்தலங்களுக்குச் சென்றோம். உடன் வந்தவருள் ஒருவர் வணிகர். தொழில் நொடித்துக் கடன்பட்டவர். திருவெண்காட்டில் புதன் சந்நிதியில் நெடுநேரம் நின்றார். பின் நம்மிடம் வந்து, "எத்தனை விளக்கு ஏற்றினால் போன வியாபாரம் திரும்பும்?" என்று கேட்டார். நாம் உடனே விடை கூறவில்லை. அவரைச் சாய்க்காட்டிற்கும் பல்லவனீச்சரத்திற்கும் அழைத்துச் சென்றோம். புதன் சந்நிதியில் நெருக்கித் தள்ளிய கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கினரும் அவ்விரு தலங்களுக்கும் வரவில்லை. ஒரு சந்நிதியில் விளக்கு மங்கிக் கிடந்தது.

மாலையில் கடற்கரையில் அமர்ந்தபோது அவரே மீண்டும் கேட்டார்: "பட்டினத்தாரைப்போல் நானும் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?"

நாம் கூறியது இது: "வேண்டாம் ஐயா. உம்மை நம்பிக் கடன் கொடுத்தவர் உளர். வீட்டில் மனைவி மக்கள் உளர். கடனை விட்டு ஓடுவது துறவு அன்று. இவ்வூர் இரண்டு வணிகர்களைத் தந்தது. ஒருவர் துறந்து காட்டினார். மற்றவர் இல்லறத்தில் இருந்தபடியே, உள்ளதெல்லாம் இறைவன் உடைமை என்று கொடுத்துக் காட்டினார். இருவரும் ஒரே பாடத்தையே கூறினர். பொருள் நம் கையில் இருக்கலாம். நாம் பொருளின் கையில் இருத்தல் ஆகாது."

அவர் ஒன்றும் பேசவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் திரும்பிய பின், கடன் கொடுத்தோர் ஒவ்வொருவரையும் தாமே தேடிச் சென்று தவணை கேட்டார் என்றும், சிறிய அளவில் கடை வைத்தார் என்றும் கேள்வியுற்றோம். நவக்கிரக வழிபாடு தவறு என்பது நம் கருத்து அன்று. கோள்களும் ஆண்டவன் ஏவல் வழி நிற்பன. ஏவலரை வணங்கித் தலைவனை வணங்காது திரும்புதல் அழகோ?

கடல் அன்று மட்டும் பொங்கவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இக்கரையிலும் ஏறிற்று. அந்நாளைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்னும் மீனவப் பெருமக்கள் அக்கடலிலேயே வலை வீசுகின்றனர். நிலையாமையை உணர்தல் என்பது செயலற்றுக் கிடத்தல் அன்று என்பதற்கு அவர்களே சான்று.

ஆதலின், அங்கே செல்லும் அன்பர்கள் சீகாழியில் தோணியப்பரை வணங்கிப் புறப்படுக. திருவெண்காட்டில் முக்குளம் ஆடுக. சாய்க்காட்டில் இயற்பகையாரை நினைக. பல்லவனீச்சரத்தில் பட்டினத்தார் திருமுன் ஒரு பதிகமேனும் ஓதுக. கையில் சிறிது நல்லெண்ணெய் கொண்டு செல்க. மங்கிய விளக்கு கண்டால் ஊற்றுக. பிறகு கடற்கரைக்குச் சென்று நின்று பார்க்க. எம் ஆசிரியர் சுட்டிய திசையில் அலைகள் மட்டுமே தோன்றும். ஆயினும் பின்னே திருக்கோயில் மணி ஒலிக்கும். எது போயிற்று, எது இருக்கிறது என்பது அப்போது தானே விளங்கும்.

திருச்சிற்றம்பலம்