பிரயாணப் பாட்டும் பால்ய நினைவும்

பால்யத்தில் தாய் தந்தையருடன் மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் சென்றபொழுது கேட்ட பாட்டொன்று, பல்லாண்டுகளுக்குப் பின் எங்கேனும் காதில் விழுமாயின், அந்தப் பிரயாணமே மீண்டும் கண்முன் எழுகின்றது. வெயிலில் காய்ந்த இருக்கையின் வாடையும், சாலையோரப் புளிய மரங்களும், முன்னிருக்கையில் தெரிந்த தந்தையாரின் தோளும் நாம் தேடாமலே வந்து சேருகின்றன. பாட்டிற்கு இவ்வாற்றல் எவ்வாறு வந்தது?

ஒரு நிகழ்ச்சி மனத்தில் பதியும்பொழுது உடனிருந்த குறிப்பே பின்னர் அதனை எளிதில் மீட்டுத் தரும் என்று டல்விங், தாம்ஸன் என்னும் உளநூலார் இருவர் 1973-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். பாட்டு அத்தகைய குறிப்பாகும். ஆயினும் எல்லாப் பாட்டும் இதற்கு உதவுவதில்லை. தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் நாள்தோறும் கேட்ட பாட்டு, பல நினைவுகளோடு பிணைந்து ஒன்றையும் தெளிவாக எழுப்பாது போகின்றது. 1980-களில் நம் நாட்டு வண்டிகளில் ஒலித்த காஸெட்டுகளின் நிலை வேறு. அறுபது நிமிடக் காஸெட்டில் பக்கத்திற்கு முப்பது நிமிடமே இசை அடங்கும். வண்டியில் இருப்பவை நான்கைந்து. ஆதலின் ஒரு பகற் பயணத்தில் அவையே திரும்பத் திரும்பச் சுழலும். வண்டியிலேயே தங்கிவிட்ட காஸெட்டின் பாட்டுகள் பிரயாணம் ஒன்றற்கே உரியவையாயின.

அவற்றின் வரிசையும் மனப்பாடமாகிவிடும். ஒரு பாட்டு முடிந்து, மற்றொன்று தொடங்குமுன் உள்ள மௌனத்திலேயே அடுத்தது நெஞ்சில் ஒலிக்கக் காண்கிறோம். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பழகிய இசைத்தட்டின் இரு பாட்டுகளுக்கு இடைப்பட்ட மௌனத்தில், மூளையின் முன்பகுதியும் அசைவுகளைத் திட்டமிடும் பகுதியும் கிளர்ச்சியுறுதல் கண்டறியப்பட்டது.

வண்டியில் எப்பாட்டு ஒலிக்கவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை பிள்ளைகளுக்கு ஏது? பெற்றோர் விரும்பியதே ஒலிக்கும். கார்னெல் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த க்ரம்ஹான்ஸல் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள், தம் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளோடும் தனிப்பட்ட நினைவுகளைப் பிணைத்திருந்ததைக் காட்டியது.

முதுமையில் இதன் பயன் பெரிது. நெடுநாட் பழகிய இசை தங்கும் மூளைப் பகுதிகள் சில, அல்ஸைமர் நோயில் ஒப்புநோக்கக் குறைவாகவே தேய்வுறுகின்றன என்று லைப்ஸிக் நகர ஆய்வாளர் 2015-இல் தெரிவித்தனர். நோய் தீர்க்கும் மருந்தன்று இது. பெயரையும் ஊரையும் மறந்துவரும் முதியவருடன் பேச்சைத் தொடங்க ஒரு வழி, அவ்வளவே. ஆதலின் மறதி கண்ட முதியோர் உள்ள இல்லங்களுக்குச் செல்லும் களப் பணியாளர், அவருடைய பழம்பாட்டுகளை வீட்டாரிடம் கேட்டறிதல் நலம். பள்ளி ஆசிரியரோ, தம் குடும்பப் பிரயாணங்களில் ஒலித்த பாட்டுகளை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதிவருமாறு மாணவரைப் பணிக்கலாம். நினைவு எத்துணைத் தெளிவாயினும் பிழையற்றதென்று கொள்ளலாகாது. ஆகவே ஒரே பிரயாணத்தைப் பற்றி இருவரிடம் தனித்தனியே கேட்டு, வேறுபாடுகளையும் குறித்துக்கொள்ளச் செய்தல் வேண்டும்.