செயலிகளின் களஞ்சியம்

இம்மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கணப் பொருளொன்றையே எழுத எண்ணினோம். ஆயினும், சென்ற ஆண்டு யாம் எய்திய இழப்பொன்று வேறு பொருளின்பால் எம்மை ஈர்த்தது. எம்மூர் முதியோர் வாயில் வழங்கும் வேளாண்மைச் சொற்களைத் திரட்டும்பொருட்டு, எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் கைத்தொலைபேசிச் செயலியொன்றை அமைத்துத் தந்தார். ஒருநாள் மாலை, சொல்லொன்றைப் பதிந்துகொண்டிருக்கையில் பற்றறி தீர்ந்து கருவி அணைந்தது. மறுநாள் திறந்தபோது, முந்நூறுக்கு மேற்பட்ட சொற்களுள் ஒன்றேனும் எஞ்சவில்லை. அவற்றுட் பலவற்றைச் சொல்லிய மூதாட்டியாரோ அதற்கு முன்னரே சிவபதம் எய்தியிருந்தார்.

நிகழ்ந்தது இதுவே: சொற்கள் யாவும் ஒரே கோப்பில் இருந்தன. புதுச்சொல் சேருந்தோறும் அக்கோப்பு முழுவதும் அழிக்கப்பெற்று மீள எழுதப்பெற்றது. எழுதுகை இடையில் நின்றமையால் எல்லாம் அழிந்தன. மாணாக்கரைக் குறைகூற விழையோம். எங்கே வைக்கிறாய் என யாமும் வினவவில்லை. செயலி இயற்றப் புகுவோர் முதற்கண் ஆராயவேண்டிய வினா அதுவேயாம். விடை, வைக்கப்படும் பொருளின் இயல்பைப் பொறுத்தது.

எழுத்தின் பருமன், தெரிந்த மொழி முதலிய சிறு விருப்பங்களைப் பெயரும் மதிப்புமாக இணையிணையாக வைத்தல் போதும். அன்ரொயிட்டில் டேட்டாஸ்டோரும் ஐபோனில் யூசர் டிபோல்ட்சும் இதற்கு உரியன. பெருந்தொகைப் பதிவுகளுக்கு இவை ஏற்றனவல்ல.

பதிவுகள் பலவாகி, அவற்றைத் தேடவும் திருத்தவும் வேண்டின், தரவுத்தளமே தகும். அமெரிக்கரான றிச்சார்ட் ஹிப் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.கியூ.லைற் இவ்விருவகைக் கருவிகளிலும் உள்ளது. அதன் வழக்கமான முறையொன்றில், மாற்றஞ் செய்யுமுன் பழைய பக்கங்கள் தனிக் குறிப்பேடொன்றில் படியெடுக்கப்படும். இடையில் மின் அற்றுப்போயின், மறுமுறை திறக்கும்போது அப்படியைக் கொண்டு முன்னைய நிலை மீட்கப்படும். மாற்றம் முழுமையாக நிகழும், அன்றேல் நிகழாது. எமது சொற்கள் இதனுள் இருந்திருப்பின், இறுதிச் சொல் ஒன்றே போயிருக்கும்.

படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தனிக் கோப்புகளாக வைத்து, அவற்றின் இருப்பிடத்தை மாத்திரம் தரவுத்தளத்திற் குறித்தல் நன்று. ஆனால் அவற்றைத் தற்காலிகச் சேமிப்பில் வைத்தலாகாது. இடம் குறையுங்கால் கருவியே அதனைத் துடைத்துவிடும். மீளப் பெறத்தக்கவையே அங்கு இருத்தற்குரியன. கடவுச்சொல் போன்ற மறைபொருளை ஐபோனில் கீசெயினில் வைக்கலாம். அன்ரொயிட்டில் கீஸ்டோர் காக்கும் திறவுகோலால் மறையாக்கி வைக்கலாம்.

இவையனைத்துஞ் செய்தும் ஒரு குறை எஞ்சும். செயலியை நீக்கின் அதன் தனிச்சேமிப்பும் உடன் நீங்கும். கருவி தொலையின் எல்லாம் தொலையும். ஆதலின் கருவிக்குப் புறத்தே ஒரு படி இருத்தல் இன்றியமையாதது.

யாம் மீண்டும் திரட்டத் தொடங்கியுள்ளோம். இப்போது செயலி தரவுத்தளத்தில் எழுதுகின்றது. வெள்ளிதோறும் ஒரு படி வேறொரு கணினிக்குச் செல்கின்றது. மூதாட்டியார் சொல்லியவற்றுள் எம் நினைவில் நின்றவை நாற்பதே. ஏர், துலா, சூடடிப்பு ஆகியன பற்றிய சொற்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்த பழைய மாணவர்கள், அவற்றை எமக்கு எழுதி உதவுவாராக.