அறப்போரும் கூட்டுறவும்

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் உள்ளன. தாம் துன்புறினும் பிறர்க்குத் தீங்கு செய்யாமை அன்னார் நோன்பு. தனியொருவர் நோன்பைப் பலர் கூடி நோற்பதே சத்தியாக்கிரகம் எனலாம்.

1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்பெடுப்பதற்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தனர். அவர்கட்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். பசியே தொண்டர்களைத் திருப்பியனுப்பும் என்பது அதன் உட்கருத்து. மக்கள் கல்லெறியவில்லை, கட்டுச்சோற்றைச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டனர். கட்டியவர் யாரெனத் தெரியாதபோது எவரைத் தண்டிப்பது? படை வேதாரண்யம் சேர்ந்தது. ஏப்ரல் 30ஆம் நாள் உப்பெடுத்த இராஜாஜி கைதானார். துணைநின்ற வேதரத்தினம் பிள்ளையும் சிறை புகுந்தார்.

தலைவர் நடந்தார், ஊரார் சோறு அவரை நடத்திற்று. கூட்டுறவின் உட்பொருளும் இதுவே. நூல் பங்கீட்டிலோ கடன் தவணையிலோ குறை காணின், அங்கத்தினர் சினந்து விலகுதலும் வேண்டா, அஞ்சி வாளாவிருத்தலும் வேண்டா. பொதுக்குழுவில் எழுந்து அமைதியுடன் உரைப்பீர். உரைப்பவர் ஒருவராயின், அவரைத் தனித்து நிற்க விடாதீர்.