போன் கையில் இருக்குது, வட்ஸ்அப் எங்கே போச்சு?



ஒரு நாள் மாலை, கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் லயத்துக்குத் திரும்பும் நேரம். மேல் டிவிசனிலிருந்து ஓர் அம்மா எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். "ஐயா, குவைத்துல இருக்கிற மகளோட பேசி ஒன்பது நாளாச்சு. ரீலோட் போட்டிருக்கேன், டேட்டாவும் இருக்கு. வட்ஸ்அப்பைத் திறந்தா ஏதோ இங்கிலீசுல வருது" என்று போனை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தோம். இந்தக் கணக்குக்கு வட்ஸ்அப் பாவிக்க அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. அந்த அம்மா யாரையும் ஒரு வார்த்தை ஏசி அனுப்பியவர் அல்ல. குரலில் பேசி அனுப்புவதோடு சரி. பிறகு ஏன் நிறுத்தினார்கள்?

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. கலர் கலராக இருக்கும், மற்றவர்கள் அழித்ததையும் பார்க்கலாம் என்று பேரன் ஜிபி வட்ஸ்அப்பை யாரிடமோ வாங்கிப் பாட்டியின் போனில் போட்டிருக்கிறான். முதலில் சில மணி நேரம் மட்டும் நிறுத்தி, மீதி நேரத்தை எண்ணிக் காட்டியிருக்கிறது. அதுதான் எச்சரிக்கை. இங்கிலீசில் வந்ததால் யாரும் வாசிக்கவில்லை. கடைசியில் முழுதாகவே நின்று விட்டது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. எனவே கணக்கு ஏன் நிறுத்தப்படுகிறது, நாம் என்ன கவனிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

நாம் பேசுவதைக் கேட்டுத்தான் நிறுத்துகிறார்களா?

இல்லை. வட்ஸ்அப்பில் நாம் அனுப்புவது பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி. அனுப்புகிறவரும் பெறுகிறவரும்தான் திறக்க முடியும். கம்பெனி பார்ப்பது நாம் நடந்துகொள்ளும் விதத்தை. எந்த அப்பைப் பாவிக்கிறோம், எத்தனை பேருக்கு எவ்வளவு வேகமாக அனுப்புகிறோம், எத்தனை பேர் நம்மைத் தடுத்தார்கள், முறைப்பாடு செய்தார்கள் என்பதைத்தான் கவனிக்கிறது. ஒருவர் நம்மைப் பற்றி முறைப்பாடு செய்தால், நாம் அவருக்கு அனுப்பியவற்றில் கடைசி ஐந்து செய்திகள் கம்பெனிக்குப் போகும்.

கவனிக்க வேண்டியவை

1. அசல் வட்ஸ்அப்பை மட்டும் பாவியுங்கள். ப்ளே ஸ்டோரில் இருந்துதான் எடுக்க வேண்டும். ஜிபி வட்ஸ்அப் போன்றவை வேறு யாரோ செய்தவை. கணக்கும் போகலாம், போனில் உள்ள விபரமும் களவு போகலாம்.

2. தெரியாதவர்களுக்கு மொத்தமாக அனுப்ப வேண்டாம். கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்க்கும் வாலிபர்கள் நல்ல எண்ணத்தோடு நூறு பேருக்கு ஒரே செய்தியைத் தட்டி விடுகிறார்கள். அதில் பாதிப் பேரின் போனில் அனுப்பியவரின் நம்பரே இருக்காது. அவர்கள் தடுப்பார்கள். கேட்காமல் ஒருவரைக் குழுவில் சேர்த்தாலும் இதே கதைதான்.

3. வந்ததையெல்லாம் தள்ளி விட வேண்டாம். "பத்துப் பேருக்கு அனுப்பினால் இலவச டேட்டா" என்று வருவது பொய். இனத்தையும் மதத்தையும் தூண்டி விடும் செய்தி அதைவிட மோசம். 2018 மார்ச்சில் திகன, கண்டிப் பக்கம் கலவரம் நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் நாடு முழுவதும் சில நாட்கள் நிறுத்தி வைத்தது. அப்போது குற்றம் செய்யாதவர்களும்தான் பேச முடியாமல் தவித்தார்கள்.

4. கணக்கு உங்கள் சொந்த சிம்மில் இருக்கட்டும். டவுனில் போன் கடைத் தம்பி தன்னிடம் இருந்த சிம்மைப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுத்தால், நாளைக்கு ஒரு பிரச்சினை வரும்போது குறுஞ்செய்தி அந்த சிம்முக்குத்தான் போகும். சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்க வேண்டும்.

5. ஆறு இலக்க எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம். "தெரியாம உங்க நம்பருக்கு அனுப்பிட்டேன் அக்கா, சொல்லுங்க" என்று கேட்பவன் உங்கள் கணக்கைத் தன் போனில் திறக்கப் பார்க்கிறான். அவன் உங்கள் பெயரில் மற்றவர்களை ஏமாற்றினால், நிற்பது உங்கள் கணக்கு.

6. பிள்ளைகளின் வயதைப் பாருங்கள். வட்ஸ்அப், பேஸ்புக் இரண்டுக்கும் 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். பேஸ்புக்கில் ஒருவருக்கு ஒரு கணக்குத்தான். சினிமா நடிகர் பெயரும் பொய்யான பிறந்த திகதியும் போட்டிருந்தால், பிறகு அடையாள அட்டை கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

நிறுத்தி விட்டால்?

பதற வேண்டாம். வேறு அப் போட்டிருந்தால் முதலில் அதை அழித்து, அசல் வட்ஸ்அப்பைப் போடுங்கள். நேரம் எண்ணிக் காட்டினால் அது முடியும் வரை பொறுத்திருங்கள். முழுதாக நிறுத்தியிருந்தால், மறுபரிசீலனை கேட்கும் பொத்தான் அதே திரையில் இருக்கும். அதை அழுத்தி, உங்கள் சிம்முக்கு வரும் எண்ணைப் போட்டு, நடந்ததை இரண்டு வரியில் எழுதினால் போதும். பதில் அதே அப்பில் வரும். எல்லாருக்கும் திரும்பக் கிடைக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் கேட்பதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. "நான் திறந்து தாறேன்" என்று பணம் கேட்பவரிடம் இரண்டு நாள் பேர் போட்ட கூலியைக் கொடுத்து விடாதீர்கள்.

அந்த அம்மாவுக்கும் இப்படித்தான் செய்து கொடுத்தோம். கணக்கு திரும்பி வந்தது. வட்ஸ்அப்பைத் தமிழுக்கும் மாற்றி விட்டோம். இனி எச்சரிக்கை வந்தால் வீட்டில் யாராவது வாசிப்பார்கள்.

அன்றைக்கு இன்னொன்றையும் கண்டோம். மகளுடைய நம்பர் அந்தப் போனைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் பிள்ளைகளின் நம்பரையும், அவர்கள் வேலை செய்யும் இடத்து நம்பரையும் ஒரு கொப்பியில் இன்றைக்கே எழுதி வையுங்கள். வட்ஸ்அப் நின்றாலும் பிள்ளையோடு பேச ஒரு வழி இருக்க வேண்டும் அல்லவா?

போனில் விளங்காத எழுத்து ஏதாவது வந்தால், எதையும் அழுத்தாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.