அடுக்களை அலமாரிக்கு ஏற்ற கீலும் கைப்பிடியும்

அலமாரி செய்யும்போது பலகைக்கும் வண்ணத்திற்கும் நாம் மிகுந்த கவலை எடுத்துக்கொள்கிறோம். கீல், கைப்பிடி, தாழ், திருகாணி ஆகியவற்றைத் தச்சர் கொண்டுவந்தபடியே ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் நாள்தோறும் பலமுறை திறந்து மூடப்படும் கதவின் பாரம் முழுவதும் அச்சிறு கருவிகளின்மீதே நிற்கின்றது. வெண்கல உருளியும் இட்லிக் கொப்பரையும் அடுக்கிய அலமாரியின் மேற்கதவு கழன்று வீழ்ந்தால், கீழே நிற்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியோ குழந்தையோ ஆவர்.

புனே நகருக்குத் தென்மேற்கே, முட்டா ஆற்றின் அணைக்கட்டை ஒட்டி அமைந்தது கடக்வாஸ்லா. 1916-இல் தோன்றிய மத்திய நீர், மின்சார ஆராய்ச்சி நிலையமும், 1955-இல் திறக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகமும் இங்கு உள்ளன. பணியின் பொருட்டு இத்தகைய இடங்களுக்கு வந்து குடியேறும் தமிழர் முதலில் உணர்வது மழைக்கால ஈரத்தையே. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏரிக்காற்றும் மலைமழையும் சேர்ந்து வீட்டைக் குளிரச் செய்கின்றன. அதனோடு சமையலின் நீராவியும், உப்பும், புளிநீரும் கூடும்போது சாதாரண இரும்புக் கீல் விரைவில் துருவேறிவிடும்.

ஆகவே உலோகத்தை அறிந்து வாங்குதல் வேண்டும். பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. நிறம் மங்குமேயன்றி இரும்பைப்போல் துருப்பிடிக்காது. துருப்பிடிக்கா எஃகில் 304 என்னும் தரம், சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உடையது. ஈரமான அடுக்களைக்கு மிகவும் உகந்தது. 202 என்னும் தரத்தில் நிக்கல் குறைவு, மாங்கனீசு மிகுதி; விலை மலிவெனினும் ஈரத்தைத் தாங்கும் ஆற்றல் சற்றுக் குறைவு. பித்தளை முலாம் பூசிய இரும்பைக் காந்தம் இழுத்துக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் காந்தம் இழுக்கவில்லை என்பதனாலேயே பொருள் உயர்ந்தது என்று எண்ணலாகாது. 202 எஃகையும் துத்தநாகக் கலவையையும்கூடக் காந்தம் இழுப்பதில்லை. எனவே தரத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு கேட்பதே முறை.

கடைவீதியில் மொழி தடையாக வேண்டியதில்லை. கீலை மராத்தியில் ‘பிஜாகரி’ என்பர், தாழ் ‘கடி’, கைப்பிடி ‘மூட்’. ‘ஸ்க்ரூ’ எல்லோருக்கும் விளங்கும்.

இனிக் கீலின் எண்ணிக்கையைக் காண்போம். சிறு கதவுக்கு இரண்டு கீல் போதும். உயரமும் கனமும் மிகுந்தால் நடுவே மூன்றாவது கீல் இன்றியமையாதது. கதவின் அகலம் கூடக்கூட மேற்கீலை வெளியே இழுக்கும் விசையும் கூடுகின்றது என்பதை நினைவிற் கொள்க. இக்காலத்தில் பெரிதும் வழங்கும் மறைகீல், கதவின் உட்புறத்தில் 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழி குடைந்து பொருத்தப்படுவது. கதவு சரிந்தால் அதன் திருகாணிகளைச் சற்றே திருப்பி நேர்செய்துகொள்ளலாம். எனினும் மரத்தூள் அட்டை ஈரத்தில் ஊதிவிட்டால் எவ்வளவு சிறந்த கீலும் பிடிப்பிழக்கும். தண்ணீர்த் தொட்டியின் கீழுள்ள அலமாரிக்கேனும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகையைக் கேட்டு வாங்குவது நலம்.

திருகாணியும் கீலின் உலோகமாகவே இருத்தல் வேண்டும். பித்தளைக் கீலில் இரும்புத் திருகாணியை முடுக்கினால், ஈரத்தில் இரும்பே முதலில் அரிக்கப்படும். பித்தளைத் திருகாணி மென்மையானது. ஆகவே முதலில் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியால் வழியமைத்து, பின் சோப்புத் தடவிய பித்தளைத் திருகாணியை இறக்குவது தச்சர் கையாளும் வழி.

மாவும் எண்ணெயும் படிந்த கைக்குக் குமிழைவிட வளைந்த நீள்பிடியே ஏற்றது. மூட்டு வலியுள்ள முதியோர் நான்கு விரல்களையும் நுழைத்து எளிதில் இழுக்கலாம். இதன் திருகாணித் துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 96, 128, 160 மில்லிமீட்டர் என அமையும். பழையதை மாற்றுவோர் இதனை அளந்துகொண்டு கடைக்குச் செல்க. பாத்திர இழுப்பறையின் தடத்தில் 35 கிலோ, 45 கிலோ எனத் தாங்கும் எடை குறிக்கப்பட்டிருக்கும். பாத்திரங்களை எடைபோட்டுப் பார்த்தபின் தேர்ந்தெடுங்கள்.

எரிவாயு உருளை நிற்கும் அலமாரிக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். எனவே அக்கதவை இறுக மூடும்படி செய்யாமல், அடிப்புறத்தில் காற்றோட்டத் துளைகள் விடுவதும், அவசரத்தில் ஒரே இழுப்பில் திறக்குமாறு தாழமைப்பதும் அவசியமாகும்.

அரசினர் குடியிருப்பில் வாழ்வோர், கழற்றிய பழைய கீல்களையும் கைப்பிடிகளையும் ஒரு பையிலிட்டுப் பத்திரப்படுத்துதல் நன்று. மாற்றல் ஆணை வரும் நாளில் அவற்றை முன்போலவே பொருத்திவிட்டு, நாம் வாங்கிய நல்ல பித்தளையை அடுத்த ஊருக்கும் எடுத்துச் செல்லலாம்.