கருவின் கழுத்தில் நான்கு மேடுகள்

கருத்தரித்து நான்காவது வாரம் முடியும்போது கரு ஒரு மிளகளவுதான் இருக்கும். அதற்குள் தலைக்குக் கீழே இரு பக்கமும் வரிவரியாக மேடுகள் எழும்பியிருக்கும். வெளிப்பார்வைக்குத் தெரிபவை நான்கு. 1825இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் மார்ட்டின் ராத்கே பன்றிக் கருவில் இவற்றைக் கண்டபோது மீனின் செவுள்கள்தான் அவர் நினைவுக்கு வந்தன. தாயின் வயிற்றில் நாமும் சில நாள் மீனாக வாழ்கிறோம் என்ற கதை இன்னும் வகுப்பறைகளில் உலவுகிறது. அது தவறு. மனிதக் கரு இந்த மேடுகளால் ஒருபோதும் மூச்சு விடுவதில்லை. மீனுக்கு இவற்றிலிருந்து செவுள் வளர்கிறது, நமக்குத் தாடையும் காதும் தொண்டையும்.

முதுகுப்புறத்தில் உருவாகும் நரம்புக்குழாயின் விளிம்பிலிருந்து நரம்பு முகடு செல்கள் புறப்பட்டு இந்த மேடுகளுக்குள் வந்து குவிகின்றன. அங்கே சாக்ஸ்9 என்ற மரபணு விழித்துக்கொண்டால் அவை கொலாஜனைச் சுரந்து குருத்தெலும்பாகின்றன. முதல் மேட்டின் குருத்தெலும்பு பெரும்பாலும் மறைந்துபோகும். எஞ்சும் நுனியே காதுக்குள் சுத்தி, பட்டை எலும்புகளாகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து நாக்கின் அடியிலுள்ள நாவடி எலும்பைத் தருகின்றன.

குரல்வளை பிறப்பது நான்காவது, ஆறாவது மேடுகளில். ஐந்தாவது மனிதனில் உருப்படுவதே இல்லை. ஆண்களின் கழுத்தில் துருத்தி நிற்கும் தைராய்டு குருத்தெலும்பும், அதன் கீழே முழு வளையமாக அமையும் கிரிகாய்டும் ஒரே வகைச் செல்களால் ஆனவை அல்ல. எலிக் கருக்களில் செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது, தைராய்டில் நரம்பு முகடு செல்களும் கிரிகாய்டில் இடைப்படைச் செல்களும் இருப்பது தெரிந்தது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குருத்தெலும்புகளுக்கு வெவ்வேறு பூர்வீகம்!

இதற்கிடையே குரல்வளையின் உள்வழி செல்களால் அடைபட்டு, ஏறத்தாழ பத்தாவது வாரத்தில் மறுபடி திறக்கிறது. சரியாகத் திறக்காவிட்டால் குறுக்கே ஒரு சவ்வு நின்றுவிடும். பிறந்த குழந்தையின் அழுகை கம்மும், மூச்சும் திணறும்.

இதைவிட அதிகம் காணப்படுவது குரல்வளை தளர்ந்திருப்பது. குழந்தை மூச்சை இழுக்கும்போது கீச்சென்றோ கொர்ரென்றோ சத்தம் வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள் இது தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் சத்தத்தைக் கேட்டதும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பால் குடிக்கத் திணறினாலோ, எடை ஏறாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.