குளிர்காற்றிலிருந்து சூடு இறைக்கும் துலா

வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசியில் இப்போது ஒரு புதுச் செய்தி அடிபடுகிறது. "வீட்டுக்குள் இருந்த கேஸ் பொயிலரைக் கழற்றிவிட்டோம் உம்மா. வெளியே ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அது பனிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் தருகிறது" என்று மகன் சொல்கிறான். கேட்கும் தாய்க்கு வியப்பு. பனியில் ஏது சூடு? அடுத்த கேள்வியும் உடனே வருகிறது: "அப்படியொரு பெட்டி நம் ஊர் வெக்கைக்கு உதவுமா?"

சகோதரிகளே! இரண்டு கேள்விகளுக்கும் விடை உண்டு. வீடு கட்டுகிறவர்களும் திருத்துகிறவர்களும் கட்டாயம் அறியவேண்டிய விடை அது.

சூடு எப்படி ஏறுகிறது?

யாழ்ப்பாணத்துத் துலாக்கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தானாகவே பள்ளத்துக்கு ஓடும். மேட்டுக்கு ஏற வேண்டுமானால் ஒருவர் துலா மிதிக்க வேண்டும். வெப்பமும் அப்படித்தான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் போகும். குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு அனுப்ப உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைச் செய்வதுதான் 'ஹீட் பம்ப்' எனப்படும் வெப்ப இறைப்பான்.

அதன் குழாய்களில் ஒருவகைத் திரவம் சுற்றுகிறது. தண்ணீர் கொதிக்க 100 பாகை வேண்டும். 'புரொப்பேன்' என்ற இந்தத் திரவமோ பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். அதற்குப் பனிக்காற்றும் சூடுதான். காற்றின் வெப்பத்தை வாங்கி ஆவியாகிறது. 'கொம்பிரசர்' அந்த ஆவியை அழுத்த, அது மேலும் சூடேறுகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. சூடேறிய தண்ணீர் சுவரிலுள்ள இரும்புப் பட்டைகளிலும் தரைக்கடியிலுள்ள குழாய்களிலும் ஓடி அறையை வெதுவெதுப்பாக்குகிறது. குளிக்கவும் வெந்நீர் கிடைக்கிறது.

இதில் இலாபம் என்ன? சாதாரண மின் ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் தரும். இந்த இயந்திரமோ ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் தரும். மீதி 2 யூனிட்டும் வெளிக்காற்றிலிருந்து வந்தவை.

இது நேற்று முளைத்த கண்டுபிடிப்பல்ல. 1852இலேயே கெல்வின் பிரபு இந்த யோசனையை எழுதி வைத்தார். 1938இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர மண்டபத்துக்கு, அருகே ஓடும் லிம்மாத் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுத்துக் கொடுத்தார்கள். இன்று நோர்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேஸ் பொயிலரை மாற்றுகிறவர்களுக்கு 2023 ஒக்டோபர் முதல் அரசு 7,500 பவுண் உதவித்தொகை தருகிறது. நம் பிள்ளைகள் வாழும் நாடுகள்தாம் இவை.

நம் ஊருக்கு உதவுமா?

அளவெட்டியை எடுத்துக்கொள்வோம். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன வலிகாமத்துக் கிராமம். செம்மண், சுண்ணாம்புக்கல், கிணற்றுப் பாசனம். அங்கே வீட்டைச் சூடாக்கும் தேவை ஒருநாளும் இல்லை. வேண்டியதெல்லாம் குளிர்ச்சி.

ஹீட் பம்பைத் திருப்பி ஓட்டினால் வீட்டின் வெப்பத்தை வெளியே இறைத்துவிடும். நம் சமையலறை பிரிட்ஜும் அறையிலுள்ள ஏசியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே இந்த இயந்திரம் நமக்குப் புதிதல்ல. பெயர்தான் புதிது.

ஆனால் தண்ணீரைக் குளிராக்கித் தரைக்கடியில் ஓடவிடும் முறையில் ஒரு தொல்லை உண்டு. ஐஸ் போட்ட கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலால் சூழப்பட்ட நம் குடாநாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். தரை அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அதுவும் அப்படியே வியர்க்கும். குழந்தைகளும் முதியவர்களும் வழுக்கி விழுவார்கள்; சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தை இழுத்து வெளியேற்றும் காற்றாடிப் பெட்டிகளை அறைதோறும் பொருத்தினால்தான் அது சரிவரும். செலவோ பெரிது. வெந்நீரும் குளிர்காற்றும் ஒருசேரத் தேவைப்படும் ஹோட்டலுக்கு அது பொருந்தலாம். ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு அவசியமில்லை.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு சிறிய ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் செலவாகும். இரவில் 8 மணி நேரம் என்றால் மாதம் 240 யூனிட். அதே நேரம் சீலிங் ஃபேன் ஓடினால் மாதம் சுமார் 18 யூனிட்தான். நம் நாட்டில் யூனிட் கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் எப்படி உயர்ந்தது என்பதை எந்த இல்லத்தரசியும் மறந்திருக்க மாட்டார்.

பணம் மட்டுமல்ல. அளவெட்டிக்கு அண்மையிலுள்ள சுன்னாகத்தில் எண்ணெயில் இயங்கிய மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. மக்கள் குடிநீருக்குப் பவுசரை எதிர்பார்த்து நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில், அந்த நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரையே நம்பி வாழும் குடாநாட்டில் வீணாகும் ஒவ்வொரு யூனிட்டையும் இதையெல்லாம் நினைத்தே எடைபோட வேண்டும். வீண்விரயம் கூடாது என்பதை நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். சுவிட்சுக்கும் அது பொருந்தும்.

முதலில் கூரையைப் பாருங்கள்

போரில் இடிந்த வீடுகள் வலிகாமத்தில் மீண்டும் எழும்பின. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம் யாழ்ப்பாண முஸ்லிம் குடும்பங்களிலும் ஒரு பகுதியினர் 2009க்குப் பின் திரும்பி வந்து வீடு கட்டினர். கையிலிருந்த காசுக்குத் தகரமும் சீற்றும்தான் பலருக்குக் கட்டுப்படியாயின. பகலில் அடுக்களையில் நிற்பவள் பெண். அந்தக் கூரையின் தணலை முதலில் தாங்குபவளும் அவளே.

பழைய நாற்சார் வீட்டைக் கட்டியவர்களுக்கு ஏசி தெரியாது. நடுவில் முற்றம் விட்டார்கள். சூடான காற்று அதன் வழியே மேலே போனது. ஓடும் பனையோலையும் வேய்ந்தார்கள். தாழ்வாரம் இறக்கிச் சுவரில் வெயில் படாமல் காத்தார்கள். நாம் நாற்சார் வீடு கட்ட முடியாவிட்டாலும் இவற்றைச் செய்யலாம்:

தகரக் கூரைக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். கீழே இடைவெளி விட்டு ஒரு சீலிங் போடுங்கள். மேற்குச் சுவருக்கு மரநிழலோ கிடுகுப் பந்தலோ கொடுங்கள். எதிரெதிராக ஜன்னல் வைத்து, அடுக்களைப் புகை போக மேலே வழி விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நோயாளிக்கோ கைக்குழந்தைக்கோ ஏசி தேவையென்றால் ஒரே ஓர் அறைக்கு வாங்குங்கள். 'இன்வேர்ட்டர்' வகையாக இருக்கட்டும். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, 26 பாகையில் வைத்து, ஃபேனையும் மெதுவாகச் சுழலவிட்டால் போதும். உள்ளே எந்த வாயு அடைத்திருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 வாயு உள்ள பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வெளிப்பெட்டியைப் பொருத்தும்போது ஒரு கணம் நில்லுங்கள். நம் அறையின் சூடு எங்கே போகப்போகிறது? அந்த அனல்காற்றும் இரைச்சலும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே போகுமானால், நம் குளிர்ச்சிக்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள். அண்டை வீட்டாரின் உரிமை எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெட்டியை வேறு சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். குழாய் இரண்டு முழம் கூடினாலும் பரவாயில்லை.